பின்சீட்டுக்கு டெஸ்ட் டிரைவ் கிடையாது

முதல் நாள்

கார் ஷோரூமில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு பிரவுச்சரைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இன்ஜின் எத்தனை சிசி, ஏர்பேக் எத்தனை, டிக்கியில் எத்தனை லிட்டர் இடம் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். எங்கள் வீடு அயோத்தியாப்பட்டணத்தில். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சேலம் வந்து, இன்னொரு பஸ் மாறி, பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஷோரூமுக்கு வர வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் வருகிறேன். அடுத்தவருக்கு லட்சக்கணக்கில் வண்டி விற்கிறவள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறாளே என்று எங்கள் தெருவில் சிலருக்குச் சிரிப்பு. ஆரம்பத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

என் முதல் கஸ்டமர் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருந்தவர். நான் படித்ததில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போனார். பம்பர் மேல் முழங்காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். வண்டி மெதுவாக இறங்கி ஏறியது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏனுங்க அம்மிணி, இது என்னங்க தொட்டிலாட்டம் ஆடுது? வண்டின்னா கல்லு மாதிரி நிக்கோணுமுங்க" என்றார்.

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் லாரியும் ரிக்கும் சோறு போடுகிற ஊர்கள். அங்கிருந்து வருகிறவர்களுக்கு எந்த வண்டியும் முதலில் லாரிதான், அப்புறம்தான் கார். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் பலமான வண்டி, மெத்தென்று இருந்தால் ஏமாற்று வண்டி. லாரிக்கு அந்தக் கணக்கு சரி. லாரியில் பின்னால் இருப்பது சிமெண்ட் மூட்டை, அது வலிக்கிறது என்று சொல்லாது. காரில் பின்னால் இருக்கிற ஆட்களும் சொல்லமாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் கண்டுபிடித்த ரோடு

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்றால் பைபாஸில் ஏறி, அடுத்த பாலத்தில் யூ-டர்ன் போட்டுத் திரும்பி வருவது. அந்த ரோட்டில் மாட்டு வண்டிகூட வழுக்கிக்கொண்டு போகும். வாங்குகிறவர் ஓட்டுவார், பக்கத்தில் மகனோ மச்சானோ உட்காருவார். பிக்கப் எப்படி, பிரேக் எப்படி, ஏ.சி. எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று பேசுவார்கள். வீட்டுப் பெண்கள் வந்திருந்தால் ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். வண்டி வீட்டுக்குப் போன பிறகு ஆயுளுக்கும் பின்சீட்டில் உட்காரப்போவது அவர்கள்தான். ஆனால் பின்சீட்டுக்கு யாரும் டெஸ்ட் டிரைவ் கொடுப்பதில்லை.

நான் வேறு ரோடு கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஷோரூமுக்குப் பின்னால் ஊருக்குள் போகிற ரோடு. சாக்கடைக் குழாய்க்குத் தோண்டி, அரைமனதாக மூடி, மேலே தார் தடவியிருப்பார்கள். நடுவில் ஸ்பீடு பிரேக்கர்கள். அவற்றில் பாதி, ஊர்க்காரர்களே கான்கிரீட்டில் போட்டவை. நான் டெமோ வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். வாங்க வந்த வீட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊர், பிள்ளைகள், சமையல் என்று பேச்சுக் கொடுப்பேன். அவர் பேச்சு அறுபடாமல் வந்தால் சஸ்பென்ஷன் நல்ல சஸ்பென்ஷன். "நம்ம ஊட்ல மூணு... அம்மா... மூணு மாடு இருக்குதுங்க" என்று நடுவில் தடுக்கினால், பிரவுச்சரில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வண்டி தேறாது. இந்த முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கம்பெனியிலிருந்து டிரெய்னிங் கொடுக்க வந்த ஆட்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

மிட்சைஸ் எஸ்.யூ.வி. வந்த பிறகு இந்த வேலை இன்னும் சிக்கலாகிவிட்டது. ஒரே வண்டி, பல வேரியன்ட். கீழ் வேரியன்ட்டுக்கும் டாப் எண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். மேலே போகப் போக சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன், பெரிய அலாய் வீல். வீல் பெரிதானால் டயரின் ரப்பர் ஒல்லியாகிவிடும். பள்ளத்தில் விழும்போது முதலில் அடி வாங்க வேண்டியது அந்த ரப்பர்தான். அது ஒல்லியாக இருந்தால் அடி சீட்டுக்கு வரும். அதாவது, கூடப் பணம் கொடுத்துக் கூட இடுப்பு வலி வாங்கலாம். இதை வாய்விட்டுச் சொல்கிற சேல்ஸ் ஆளை எந்த மேனேஜருக்கும் பிடிக்காது.

சங்ககிரிக்காரர்

போன வருஷம் ஒரு மாசக் கடைசியில் நாச்சிமுத்து என்பவர் வந்தார். சங்ககிரியில் நாலைந்து லாரி, சொந்தப் பட்டறை, கொஞ்சம் தோட்டம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். அறுபதைத் தொடுகிற வயசு. வந்தவுடனே டெமோ வண்டியின் டயரைக் காலால் தட்டினார். அது டாப் எண்ட் வண்டி.

எங்கள் மேனேஜர் பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் மகன் வயசுதான் இருக்கும். அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைக் காலையும் மாலையும் போனில் வறுத்துக்கொண்டிருந்த நேரம்.

"செல்வி மேடம், யார்டுல ஒரு டாப் எண்ட் ரொம்ப நாளா நிக்குது. பார்ட்டி கையில பணத்தோட வந்திருக்காரு. உங்க ரோட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போக வேண்டாம். பைபாஸ்ல ஒரு ரவுண்டு, புக்கிங், முடிச்சிடுங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கும் முடித்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கால் கனத்தது. ஆனால் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். "வண்டி யாருக்குங்கண்ணா, வீட்டுக்கா தொழிலுக்கா?"

"ஊட்டுக்குத்தானுங்க. சம்சாரத்துக்கு" என்றார். பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார்.

அவர் மனைவி சரஸ்வதிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், அந்த அம்மாவும் வீட்டுக்குள் நடக்கிறார். உட்காருவதுதான் முடியவில்லை. சற்று நேரம் உட்கார்ந்தாலே வலி காலுக்கு இறங்குகிறது. ஒரே மகள் கவிதா ஓசூரில் இருக்கிறாள், வயிற்றில் முதல் பிள்ளை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவள் பயணம் செய்யவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாது, அம்மாதான் போக வேண்டும். வளைகாப்புக்கு இருக்கிற பழைய ஜீப்பில் கிளம்பி, சேலம் தாண்டுவதற்குள் வலி தாங்காமல் திரும்பிவிட்டார்கள். மகள் கையில் அம்மா வளையல் போடாமலே வளைகாப்பு முடிந்தது.

"டிரெயின்ல போலாம்னா ஸ்டேஷன் படி ஏற முடியாதுங்க. ஆம்புலன்ஸ் வெக்கறேன்னேன். நல்ல காரியத்துக்கு அதுல போயி எறங்குவாங்களான்னு கேட்டுட்டா. பிரசவத்துக்காச்சும் கொண்டுபோயி சேத்தோணுமுங்க. அதுக்குத்தான் வண்டி" என்றார்.

"அப்ப அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க உட்கார்ந்து பார்க்கட்டும்."

"அவளைக் கூட்டியாந்து என்னுங்க பண்றது? நாம எதை வாங்குனாலும் அவ உக்காந்துக்குவா. எனக்கு இந்தப் பெரிய வீலு போட்டதே இருக்கட்டும். நாலு பேரு பாத்தா வண்டியாட்டம் இருக்கோணுமுங்கல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கஸ்டமரிடம் கோபப்படக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம், நான் அதில் சரியாகத் தேறியதே இல்லை. "நாலு பேர் பார்க்கிறதுக்கு வாங்கறதா இருந்தா இப்பவே பில் போட்டுடறேங்கண்ணா. அக்கா போறதுக்குன்னா அவங்க வராம நான் விற்க மாட்டேன்" என்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிரபு தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

நாச்சிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செரிங்க. நாளைக்குக் கூட்டியாரேன்" என்று போய்விட்டார். போன கஸ்டமர் திரும்ப வருவது அபூர்வம் என்று பிரபு அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், அவர் சொன்னதும் பொய்யில்லை.

அவர்கள் வந்தார்கள். சரஸ்வதி மெலிந்த உடம்பு, இடுப்பில் பெல்ட், அதற்கு மேல் கச்சிதமாகக் கட்டிய புடவை. ஜீப்பிலிருந்து இறங்கவே கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுத்தது. இறங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதலில் டாப் எண்டில் என் ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். நாச்சிமுத்து ஓட்டினார். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அந்த அம்மா மேலே இருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தார். பேச்சு அறுந்து அறுந்து வந்தது. பிறகு மிட் வேரியன்ட் ஒன்றை எடுத்தோம். அதே இன்ஜின், சின்ன வீல், தடித்த டயர், சன்ரூஃப் கிடையாது. விலை ரெண்டு லட்சத்துக்குப் பக்கம் குறைவு. அதே ரோடு, அதே பள்ளம். மகளுக்குப் பிடித்த கச்சாயம் சுடுவது எப்படி என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்தார், ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"எப்படிங்கக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குதுங்க அம்மிணி" என்றார்.

நாச்சிமுத்து கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அவருக்கும் அது போதும் போலிருந்தது. மிட் வேரியன்ட்டுக்கே புக்கிங் போட்டார். பிரபு என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார்டில் நின்ற டாப் எண்ட் நின்ற இடத்திலேயே நின்றது.

ஓமலூரில் திரும்பிய வண்டி

வண்டியை டெலிவரி கொடுத்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை, ஷோரூமில் பூஜை முடிந்து அப்போதுதான் உட்கார்ந்தேன், நாச்சிமுத்துவின் போன்.

"அம்மிணி, ஓமலூர்ல வண்டிய ஓரங்கட்டி நிக்கறேனுங்க. கவிதாவ ஆஸ்பத்திரியில சேத்திட்டாங்கன்னு போன் வந்துச்சு, வெடிகாலைல பொறப்பட்டோம். இவளுக்கு முடியலீங்க. பாலத்து மேல ஏறுனா எறங்குனா தூக்கிப் போடுதுங்க. அழுவறா. திரும்பி ஊட்டுக்கே போறோம்" என்றார். பிறகு, "நீங்க சொன்ன வண்டிங்க" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது. இத்தனை வருஷமாக எத்தனையோ பின்சீட்டில் உட்கார்ந்து என் முதுகையே அடகு வைத்துக் கற்ற ஒரே வித்தை, எந்த வண்டி வலிக்காது என்று பார்த்துச் சொல்வது. அதை நம்பிக் கிளம்பிய ஓர் அம்மா நடுரோட்டில் அழுதுகொண்டிருக்கிறார். மகளோ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணா, சங்ககிரி போற வழியிலதானே ஷோரூம். ஒரு நிமிஷம் நிறுத்திட்டுப் போங்க" என்று கெஞ்சினேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிரபு, "நான் அப்பவே சொன்னேன் மேடம்" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வண்டி வந்து நின்றது. சரஸ்வதி பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கீழே மடித்த கம்பளி, தலைக்குத் தலையணை, காலடியில் பிரசவ மருந்துச் சாமான் கட்டிய பை. கண் வீங்கியிருந்தது. நான் முன்சீட்டில் ஏறாமல் பின்னால் அவர் கால்மாட்டில் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டேன். "சர்வீஸ் ரோட்டுல மெதுவா கொஞ்ச தூரம் ஓட்டுங்கண்ணா" என்றேன்.

பத்தடி போவதற்குள் தெரிந்துவிட்டது. இது அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்து பார்த்த வண்டியே இல்லை. சின்னக் கல்லில் ஏறினாலும் சுத்தியலால் தட்டியதுபோல் அடிமுதுகில் வந்து விழுந்தது. பாலத்தில் கான்கிரீட் பலகைகள் சேரும் இடங்களில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே வலித்தது.

"வண்டியில எதாவது மாத்துனீங்களாண்ணா?"

"ஒண்ணுமே மாத்துலீங்க. பொறப்படறதுக்கு முன்னால காத்து மட்டும் புடிச்சேன்."

"எங்க?"

"நம்ம பட்டறைலதானுங்க."

சர்வீஸ் செக்ஷனுக்குப் போய், காற்றை அளக்கும் ஏர் கேஜை வாங்கி வந்து ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தேன். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், காற்று முப்பத்துமூன்று இருக்க வேண்டும் என்கிறது. கேஜ் நாலு டயரிலும் ஐம்பதைத் தாண்டியது.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. "யாருங்க உங்களை இவ்வளவு அடிக்கச் சொன்னது" என்று சத்தம் போட்டேன் என்று பிற்பாடு பிரபு சொன்னார்.

நாச்சிமுத்துவுக்கு என் கோபமே புரியவில்லை. "ஏனுங்க, லாங் போறோம்னா காத்த டைட் பண்ணாம போவாங்களா? காத்து கம்மியா இருந்தா டயரு சூடாயி வெடிச்சிருமுங்க. தொப்பூர் கணவாய் ஏறோணும். அவ படுத்திருக்கறா, பத்திரமா போய்ச் சேரோணுமேன்னுதான் பாத்துப் பாத்துப் புடிச்சேன். லாரிக்கு நூறுக்கு மேல அடிக்கறோம், இது அதுல பாதிதானுங்க" என்றார்.

அவர் கண்ணில் தெரிந்தது பயம். மனைவி பத்திரமாகப் போக வேண்டும் என்ற அக்கறையில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில், தன் கையாலேயே அந்த டயர்களைக் கல்லாக்கி வைத்திருந்தார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

காற்றை இறக்கினோம். முப்பத்துமூன்றுக்கு வந்ததும் அவர் குனிந்து பார்த்து, "டயரு தொந்தி வெச்சாப்ல இருக்குதுங்க. இதுல எப்படிப் போறது?" என்று தயங்கினார்.

அப்போது பிரபு ஒன்று சொன்னார். "டாப் எண்டா இருந்தா டயர் பிரஷர் ஒவ்வொண்ணும் ஸ்கிரீன்லயே தெரிஞ்சிருக்கும் மேடம். அது அந்த வேரியன்ட்ல மட்டும்தான்." சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மிட் வேரியன்ட்டில் எதெல்லாம் இருக்காது என்று புக்கிங்கின்போது அடுக்கிச் சொன்ன நான், அதை மட்டும் சொல்லத் தோன்றாமல் விட்டிருந்தேன். அதே பிரபுதான் உள்ளே போய் ஒரு ஏர் கேஜைக் கொண்டுவந்து, "இது உங்க வண்டியிலயே இருக்கட்டும் சார்" என்று நாச்சிமுத்து கையில் கொடுத்தார். அதையும் எழுதிவிட வேண்டும்.

நல்லாருக்குது என்று சொன்னது

இனி முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். திரும்பவும் ஓசூருக்குக் கிளம்புவதா, வீட்டுக்குப் போவதா. நாச்சிமுத்து, "வேண்டாமுங்க, இன்னைக்குப் பட்டது போதும் அவளுக்கு" என்றார். நான், "நீங்க கொஞ்சம் உள்ள போய் காபி சாப்பிடுங்கண்ணா" என்றேன். அந்தக் கஸ்டமர் சோபாவில் முதல் முறையாக ஓர் ஆண்பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தேன்.

பின்கதவைத் திறந்துவைத்து சரஸ்வதி பக்கத்தில் குந்தினேன். "அக்கா, இப்ப காத்து இறக்கியாச்சு. அன்னைக்கு நீங்க உட்கார்ந்து பார்த்தீங்கல்ல, அந்த மாதிரியே இருக்கும். அன்னைக்கு வலிக்கலைதானே?"

அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் வலிச்சுதுங்க அம்மிணி" என்றார்.

"நல்லாருக்குதுன்னு சொன்னீங்களேக்கா. பேச்சுக்கூட நிக்கலையே."

"பல்லக் கடிச்சுட்டுப் பேசுனேன். முன்ன ஒரு வண்டில நான் கைப்புடியப் புடிச்சதும் அவரு மொகம் வாடிப் போச்சு. இதுவும் ஆகலைன்னா இன்னொரு கடைக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ஏறி எறங்கோணும். இனி ஏறி எறங்க என்னால ஆகாதுன்னுதான் நல்லாருக்குன்னுட்டேன்."

பேச்சு அறுபடவில்லையே என்று நான் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளெல்லாம் வலியை வெளியே காட்டாமல் பேசிப் பழகியவர்களிடம் போய் அந்தச் சோதனையை வைத்திருக்கிறேன். எனக்கு அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இந்த டாப்பு வண்டின்னாங்களே, இன்னும் பெரிசு இருக்குதுங்களாமா. அதுல ஏதாச்சும் வலிக்காத வண்டி இருக்குதுங்களா அம்மிணி? உள்ளதச் சொல்லுங்க" என்று கேட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் வண்டி விற்கிறேன். இந்தக் கேள்விக்கு ஆயிரம் பதில் தெரியும். எல்லாமே விற்பதற்கான பதில்கள்.

"இல்லீங்கக்கா. இப்ப உங்க முதுகு இருக்கிற நிலைமைக்கு எந்த வண்டியும் வலிக்கும். இது மத்ததைவிடக் கொஞ்சம் கம்மியா வலிக்கும். அவ்வளவுதான்."

சரஸ்வதி தலையை ஆட்டினார். ஏனோ அந்தப் பதிலில் அவர் முகம் தெளிந்தது. "இத யாருமே சொல்லுலீங்க. டாக்டரு வலிக்காதுங்கறாரு, இவரு வலிக்காதுங்கறாரு. வலிச்சா என் தப்பாட்டம் இருக்குது" என்றார். பிறகு, "அப்ப இதுலயே போலாமுங்க. நின்னு நின்னு போறோம். ஓசூரு வரைக்கும் தாங்குனா போதும். திரும்பி வாரத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

தலையணையை இடுப்புக்கு மாற்றி வைத்தேன். முன்சீட்டைப் பின்னால் சாய்க்கலாமா என்று பார்த்து, பக்கவாட்டில் கால் நீட்டுவதுதான் அவருக்குச் சௌகரியம் என்று இரண்டு பேரும் கண்டுபிடித்தோம். நாச்சிமுத்துவிடம் ஸ்பீடு பிரேக்கரில் எப்படி ஏற வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை எங்கெங்கே நிறுத்தி அந்த அம்மாவை நடக்கவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வண்டி பைபாஸில் ஏறி ஓமலூர்ப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று முழுக்க எந்தக் கஸ்டமரிடமும் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் நாச்சிமுத்துவிடமிருந்து, "சேந்துட்டோமுங்க" என்று மட்டும் போன் வந்தது.

மறுநாள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தாயும் சேயும் நலம். அதற்கு மேல் நானாகப் போன் செய்து விசாரிக்கத் தயக்கமாக இருந்தது. செய்த வேலைக்கு நன்றி கேட்டு நிற்பதுபோல் ஆகிவிடும்.

முதல் சர்வீஸ்

முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு நாச்சிமுத்து தனியாக வந்தார். சரஸ்வதி ஓசூரிலேயே மகளோடு தங்கிவிட்டாராம். இவர் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வீட்டில் சமைக்க ஆளில்லாமல் ஆள் இளைத்திருந்தார். வண்டி எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் கேட்டுவைத்தேன். "மைலேஜு பரவால்லீங்க" என்றார். பிறகு தானாகவே போனில் நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "உங்களக் கேட்டுட்டே இருக்கறா. பேசுங்க."

"அக்கா, எப்படி இருக்கீங்க? இடுப்பு வலி பரவாயில்லையா?" என்றேன்.

"எங்கீங்க அம்மிணி. வலிக்கத்தான் வலிக்குது" என்றார். குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினார். "இப்பக்கூட ரொம்ப நேரமா அசையாம உக்காந்துட்டிருக்கறேன். பையன் மடில தூங்கறான்."

புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பின்சீட்டில் இருக்கிறவரிடம் நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். எங்கே போகணும், அங்கே யார் இருக்காங்க என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எந்த வேரியன்ட் என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.